விருந்தாளி வரும் வழியில் எவருடைய காணி?

சுற்றுலாத்துறை வளர்ந்தால் கிழக்குக் கரையும் வளரும் என்று கடந்த இருபது ஆண்டுகளாக எமக்குச் சொல்லப்பட்டு வருகிறது. செயலகக் கூட்டங்களிலும், உதவி நிறுவனங்களின் பட்டறைகளிலும், தேர்தல் மேடைகளிலும் இதே பேச்சு. அண்மைக் காலமாக அதனோடு இன்னொரு சொல்லும் சேர்ந்திருக்கிறது: பொறுப்பான சுற்றுலா. வருகிறவர் பிளாஸ்ரிக் போத்தலைக் கடலில் எறியக் கூடாது, யானைக்கு வாழைப்பழம் நீட்டக் கூடாது, கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் முன்னால் அரைகுறை உடையில் நிற்கக் கூடாது என்று அதற்கு விளக்கம் தருகிறார்கள். நல்ல விடயங்கள்தாம். ஆனால் கல்முனை முதல் பாணமை வரை காணி இழந்து, வீடு மாறி, இன்னமும் 'இடம்பெயர்ந்தோர்' என்ற பெயருடனேயே வாழும் விவசாயக் குடும்பங்களோடு பேசும்போது, பொறுப்பு என்பது வேறோர் இடத்தில் தொடங்குவதைக் காண்கிறோம். விருந்தாளி எப்படி நடந்துகொள்கிறார் என்பது இரண்டாவது கேள்வி. அவர் படுத்துறங்கும் விடுதி எவருடைய காணியில் நிற்கிறது, அவர் குளிக்கும் தண்ணீர் எவருடைய கிணற்று ஊற்று என்பதுதான் முதற் கேள்வி.

நிந்தவூரில் ஒரு மூத்த தாய் எம்மிடம் இதையே நேரே கேட்டார்: "பாதர், வாற மனிசனுக்குக் கதவு திறக்கத்தான் வேணும். திறக்கிறதுக்கு எங்கட கதவு எங்க இரிக்கி?"

விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். வழிப்போக்கரை ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினருள் ஒருவராக வைத்திருக்கிறது திருக்குர்ஆன். ஆபிரகாம் தம் கூடாரத்து வாசலில் அந்நியர் மூவரை வரவேற்ற கதையை நாம் ஆலயத்தில் வாசிக்கிறோம். இக்கரையில் வாழும் எந்தச் சமூகத்துக்கும் விருந்தினரை மதிக்க எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எனவே இக்கட்டுரையை வெளிநாட்டவருக்கு எதிரான ஒன்றாக எவரும் வாசிக்க வேண்டாம்.

மலையிலிருந்து இறங்கும் பாதை

பொத்துவிலுக்கு அப்பால் அறுகம்பைக்கு வரும் வெளிநாட்டவரில் பலர் கல்முனையைக் காண்பதே இல்லை. அவர்கள் எல்லவிலிருந்து வருகிறார்கள். மலையில் இரண்டு மூன்று நாள், ஒன்பது வளைவுப் பாலத்தில் ஒரு படம், பின்னர் வான் ஏறி வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, லகுகலை வழியாகக் கடலுக்கு. மே முதல் ஒக்டோபர் வரை இந்த ஓட்டம். அலைச்சறுக்குக்கு ஏற்ற அலை எழும் காலம் அது. எமக்கோ அது சிறுபோகக் காலம், வரட்சிக் காலம். குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது, எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று கூட்டம் கூடி வட்டவிதானையும் கமக்காரரும் தர்க்கிக்கும் அதே மாதங்களில்தான் விடுதிக் குழாய்கள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன.

இந்தப் பாதையின் மேல்முனையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரையில் வாழும் எமக்கு மலை அந்நியமானதல்ல. பட்டிப்பளை ஆறு என்று நம் முன்னோர் அழைத்த கல்லோயா பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைநாட்டில் பிறந்து, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. அந்தக் குளம் நிரம்பினால் 7,70,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளில் நாற்று நிமிர்வதும் வாடுவதும் அதைப் பொறுத்தே. மலையில் காடு அழிந்து மண் கரைந்தால் அந்த மண் குளத்தில்தான் வந்து படியும். குளம் ஆழம் குறையும். மழையும் முன்போலப் பெய்வதில்லை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியது இரண்டு நாளில் கொட்டுகிறது. 2016, 2017ஆம் ஆண்டு வரட்சியையும், 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரப் பெட்டியில் சென்ற மத்ரஸா மாணவர்களை வெள்ளம் இழுத்துச் சென்றதையும் ஒரே தலைமுறை கண்டுவிட்டது.

மலையில் நிலைமை இதைவிடக் கொடியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போகச் சொன்னவர்கள் போவதற்குக் காணி கொடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தும் ஒரு பேர்ச்சஸ் நிலம் சொந்தமில்லாதவர் எங்கே போவார்? அதே கொஸ்லாந்தையில்தான் தியலும நீர்வீழ்ச்சி இருக்கிறது. எல்லவிலிருந்து நாள்தோறும் வான்கள் அங்கே போகின்றன. வீழ்ச்சியைப் படம் பிடிப்போரில் எத்தனை பேருக்கு மீரியபெத்தை என்ற பெயர் தெரிந்திருக்கும்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் ஒரே இரவில் பல சரிவுகள். நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டுக்குச் செல்லும் புகையிரதப் பாதையும் பல இடங்களில் அறுந்தது. சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் கட்டுவதாயின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்று 2011இலேயே சுற்றறிக்கை வந்திருக்கிறது. இருந்தும் செங்குத்தான சரிவை வெட்டிக் கட்டிய விடுதிகளை வீதியில் நின்றபடியே எண்ணலாம்.

கேரளத்து வயநாட்டிலும் இதேதான் நடந்தது. 2024 ஜூலை 30ஆம் திகதி அதிகாலை முண்டக்கை, சூரல்மலைக் கிராமங்கள் மண்ணோடு போயின. மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கெங்கே கட்டக் கூடாது என்று மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011இலேயே எழுதிக் கொடுத்திருந்தது. தமிழ்நாட்டில் நீதிமன்றமே தலையிட்டது: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டும். மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் அங்கே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. நம் நாட்டில் அதுவும் இல்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று விமான நிலையத்தில் எண்ணி மகிழ்வதோடு சரி.

அலைக்குப் பின் வந்த அலை

இனி கடற்கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு ஆகிய ஊர்களில் கடலுக்கும் பிரதான வீதிக்கும் இடையே வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஊர்களின் மேற்கே வயல். பின்வாங்க மேட்டுநிலம் கிடையாது. அந்த மக்களுக்குத்தான், கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் கட்டக் கூடாது என்று அரசாங்கம் விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் அந்த எல்லை 100 மீற்றர். வடக்குக் கிழக்கில் மட்டும் 200. சுற்றுலா விடுதிகளுக்கோ வேறு அளவுகோல். பழைய இடத்தில் திரும்பக் கட்ட அவற்றுக்கு வழி விடப்பட்டது. மீனவனின் வாடி ஆபத்து, விடுதிக்காரரின் உணவுச்சாலை ஆபத்தில்லை என்று கடல் எங்காவது எழுதிக் கொடுத்ததா என்று அப்போது மக்கள் கேட்டார்கள். ஆண்டு திரும்பு முன்னரே அந்த விதி தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் பலர் காணியை விட்டுக்கொடுத்துத் தூரத்துக் குடியேற்றங்களுக்குப் போயிருந்தார்கள்.

போனவர்கள் எல்லோருக்கும் வீடு கிடைத்ததா? அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் எழும்பின. யாருக்கு எத்தனை என்ற இனப் பங்கீட்டு வழக்கினால் அவை பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தன. கூரை இற்று, யன்னல் களவுபோய், உள்ளே பற்றை முளைத்தது.

அதே 2005இல் அறுகம்பைக்கென ஒரு பெரிய திட்டம் வரையப்பட்டது. கோமாரி தொடக்கம் பாணமை வரை, ஏறக்குறைய 17 கிலோமீற்றர் நீளமும் 5 கிலோமீற்றர் அகலமுமான நிலம் அதன் எல்லைக்குள் வந்தது. உயர்தர விடுதிகள், ஹெலிகொப்டர் இறங்குதளம், நீரில் இறங்கும் விமானத்துக்குத் துறை எல்லாம் வரைபடத்தில் இருந்தன. உல்லையில் தலைமுறையாகக் கரைவலை இழுத்தவர்களின் வாடிகள் எங்கே என்று தேடினால் அவை இல்லை. மீனவர்கள் அவ்வாண்டே ஊர்வலம் சென்றார்கள். கனேடிய எழுத்தாளர் நவோமி கிளைன் அங்கு வந்து பார்த்து, 2007இல் வெளியான தமது நூலில் அறுகம்பையின் கதையை இரண்டாவது சுனாமி என்றே எழுதினார். அத்திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. மக்கள் விழித்துக்கொண்டதும் ஒரு காரணம்; 2006இல் மீண்டும் மூண்ட போர் இன்னொரு காரணம். 2008இல் புதிய பாலம் மட்டும் வந்தது. அது தேவையான பாலம்தான், மறுப்பதற்கில்லை.

சுனாமியின்போது யால பக்கம் நடந்த ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். அங்கே ஒரு விடுதி, கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று தன் முன்னால் இருந்த மணல்மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்தது. அலை வந்தபோது மேடு இருந்த அயல் இடங்களைவிட அங்கே மிக உயரமாக ஏறி விடுதியை அழித்தது. பின்னர் வந்த பன்னாட்டு ஆய்வாளர் குழு இதைப் பதிவு செய்தது. பொத்துவில், பாணமைக் கரையிலும் அத்தகைய மணல்மேடுகள் உண்டு. அவற்றின் மேல் இன்று கபானா கட்ட இடம் பார்க்கிறார்கள். காற்றும் அலையும் நூற்றாண்டுகளாய்க் குவித்ததை ஒரு பெக்கோ இயந்திரம் இரண்டு நாளில் சமன் செய்துவிடும். கரையில் கை வைத்தால் கரை எப்படி நகரும் என்பதை நாம் ஒலுவிலில் பார்த்தோம்: 2013இல் துறைமுகம் திறந்தபின் அதன் வடக்கே தென்னந்தோட்டமும் வயலும் கடலுக்குள் போயின, துறைமுக வாயிலையோ மணல் மூடியது.

பாணமை மக்கள் செய்தது

எம் வாசகர்களுக்கு நாம் விரிவாகச் சொல்ல விரும்புவது பாணமையின் கதை. அவர்கள் பெரும்பாலும் சிங்களம் பேசும் மக்கள். தமிழரோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்த ஊர். ராகம்வெல, சாஸ்திரவெல முதலிய இடங்களில் பல பத்தாண்டுகளாகச் சேனையும் வயலும் செய்தவர்கள். 2010 ஜூலை 17ஆம் திகதி இரவு, போர் முடிந்து ஓராண்டுக்குப் பின், ஆயுதம் தாங்கியோர் ராகம்வெலவுக்கு வந்து குடிசைகளைக் கொளுத்தி மக்களை விரட்டினார்கள். அதன்பின் அந்தக் கரையோர நிலங்களில் மின்வேலி எழுந்தது. கடற்படையும் விமானப்படையும் முகாம் அமைத்தன. ஏறக்குறைய 350 குடும்பங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர். பின்னர் அந்த வேலிக்குள் களப்பைப் பார்த்தபடி ஒரு சுற்றுலா விடுதி திறக்கப்பட்டது. அதை நடத்தியது கடற்படை. தமது பயிர்நிலம் எதற்காக எடுக்கப்பட்டது என்பதை அந்த மக்கள் அந்த விடுதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு மன்னன் ஆசைப்பட்டது விவிலியத்தில் வருகிறது. அரண்மனைக்கு அருகில் இருக்கிறது, கீரைத்தோட்டம் போட வசதி, வேறு நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது பணம் தருகிறேன் என்றான் மன்னன். மூதாதையரின் நிலம், விற்பதற்கில்லை என்றான் நாபோத். அவனைக் கொன்று எடுத்தார்கள். இன்றைய ஆகாபுகள் மாற்றுக் காணி தருவதாகக்கூடப் பல வேளைகளில் பேசுவதில்லை.

பாணமை மக்கள் சங்கம் அமைத்தார்கள். பொலிசுக்கும், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும், நீதிமன்றத்துக்கும் போனார்கள். கொழும்புக்குப் போய் வீதியில் நின்றார்கள். 2015 பெப்ரவரி 11ஆம் திகதி, ராகம்வெலவின் 365 ஏக்கரில் 340 ஏக்கரை உரியவர்களுக்கு விடும்படி அமைச்சரவை முடிவெடுத்தது. முடிவு காகிதத்தில் இருந்தது, வேலி நிலத்தில் இருந்தது. ஓராண்டு பொறுத்தபின் 2016 மார்ச் 26ஆம் திகதி மக்கள் தாமாகவே உள்ளே சென்று பந்தல் போட்டு இருந்தார்கள். இதில் எமக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: அவர்கள் ஒவ்வொருவரும் தம்மிடமிருந்த பழைய பற்றுச்சீட்டு, சேனை அனுமதி, வாக்காளர் இடாப்பின் பிரதி, பிள்ளையின் பிறப்புப் பத்திரம் என்று அங்கே வாழ்ந்ததைக் காட்டக்கூடிய எதையும் தூக்கி எறியவில்லை.

பொத்துவிலில் கனகர் கிராமத்துத் தமிழ்க் குடும்பங்கள் 1990இல் ஓடியவர்கள். போர் முடிந்து திரும்ப வந்தபோது, இது இப்போது காடு, வன பரிபாலனத் திணைக்களத்துக்கு உரியது என்றார்கள். ஆட்கள் இல்லாத இருபது ஆண்டில் காணியில் மரம் வளராமல் வேறு என்ன வளரும்? 2018 ஓகஸ்டில் வீதியோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். 1990இல் வயலைக் கைவிட்டு வந்த முஸ்லிம் விவசாயிகளும் இதே பதிலைக் கேட்டவர்கள்தாம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூவரும் ஒரே கடற்கரையில் ஒரே விதமாகக் காணி இழந்திருக்கிறார்கள். மூவரையும் தனித்தனியே வைத்துப் பேசுவது எவருக்கு இலாபம் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

தண்ணீரும் வருமானமும்

கரையோரக் கிணறுகளைப் பற்றி ஒரு வார்த்தை. மணலுக்கடியில் நன்னீர், உப்புநீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல மிதக்கிறது. கிணற்றில் நீர்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால் கீழேயுள்ள உப்புநீர் ஏறக்குறைய 40 அடி மேலே எழும் என்பது நீரியலாளரின் கணக்கு. வாளியால் இறைத்த காலத்தில் இதில் பயமில்லை. விடுதியொன்று குழாய்க்கிணறு அடித்து, வரட்சி மாதத்தில் இரவு பகலாக மோட்டார் ஓட்டினால் அயல் வீட்டுக் கிணறு உவர்க்கும். கத்தரியும் மிளகாயும் கருகும். ஒரு முறை உவர்த்த கிணறு ஒரு மாரியில் தெளிவதில்லை. மலசலகூடக் குழி கிணற்றுக்கு அருகே இருந்தால் அதுவும் மணலில் சுலபமாய்ப் பரவும். இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. கரையிலிருந்து உள்நாட்டுப் பக்கம் 300 மீற்றர் வரை, 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கரையோர வலயம். அதற்குள் எதைக் கட்டவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1993ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி 99 அறைகளுக்கு மேற்பட்ட அல்லது 40 ஹெக்டயருக்கு மேற்பட்ட விடுதித் திட்டத்துக்குச் சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அதைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் எங்கள் கரையில் எழும்புவன பத்து, இருபது அறைகள். பத்து அறையில் பத்து விடுதி வந்தால் அது நூறு அறைதான், ஆனால் எந்த அறிக்கையும் கேட்கப்படாது.

வேலை கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கிறது. ஓட்டோ ஓட்டுகிறவர், ரொட்டி போடுகிறவர், அறை துடைக்கிறவர், பலகை வாடகைக்கு விடும் இளைஞர் எல்லோரையும் நாம் அறிவோம். பொத்துவில் களப்பில் மீனவர் தம் தோணியிலேயே பயணிகளை ஏற்றிச் சென்று கண்டலும் பறவையும் காட்டி உழைக்கிறார்கள். கண்டல் நின்றால்தான் தோணிக்கு ஆள் வரும் என்று தெரிந்துகொண்ட மீனவன் கண்டலை வெட்ட விடமாட்டான். இது எமக்குப் பிடித்த சுற்றுலா. தோணி அவனுடையது, களப்பு பொதுவானது, விலையை அவனே சொல்கிறான்.

ஆனால் இந்த வருமானத்தின் மேல் வீடு கட்டலாமா? 2018இல் இலங்கைக்கு 23 இலட்சம் பேர் வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலோடு அது விழுந்தது. 2020இல் 5 இலட்சம். 2021இல் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2022இல் எரிபொருள் வரிசை. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் அவ்வாண்டு ஒக்டோபர் 23இல் அறுகம்பைக்குப் போக வேண்டாம் என்று அமெரிக்கத் தூதரகம் ஓர் அறிவித்தல் விட்டதும் கடற்கரையில் பயணிகளைவிடப் பொலிசார் அதிகமாய் நின்றார்கள். எங்கோ ஓர் அறையில் எழுதும் ஒரு பக்கக் கடிதம் ஒரு ஊரின் அடுப்பை அணைத்துவிடுகிறது. அந்த ஆண்டுகளிலெல்லாம் சாப்பிட்டவர்கள், பெரும்போகத்துக்கு ஓரிரு ஏக்கர் வயலாவது கையில் வைத்திருந்தவர்கள். வயலை விற்று அறை கட்டியவர்கள் வட்டிக் கடைக்குப் போனார்கள்.

அறுகம்பையில் முதல் அலைச்சறுக்குப் பலகை வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தக் கரையால் ஆயிரக்கணக்கானோர் பயணம் போனார்கள் என்பதையும் மறந்துவிடுகிறோம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்து திருக்கோவில், பொத்துவில், பாணமை வழியாக உகந்தமலை வந்து முருகனை வணங்கி, குமண, யால காட்டினூடாகக் கதிர்காமம் நடக்கும் அடியார்கள். தலையில் மூட்டை, வெறுங்கால், வழியில் கிடைக்கும் தண்ணீர். ஊர்மக்கள் மோரும் கஞ்சியும் கொடுப்பார்கள், அதில் முஸ்லிம் ஊர்களும் உண்டு. அவர்களுக்காக எவருடைய காணியும் சுவீகரிக்கப்படவில்லை. இப்போது கூட்டம் பெருகிவிட்டது, காட்டு வழியில் போத்தல் குவிகிறது என்பதும் உண்மை. அதைத் துப்புரவாக்க ஆலயங்களும் இளைஞர் மன்றங்களும் முன்வர வேண்டும்.

கையொப்பமிடு முன்

கரையோரக் காணிக்கு இப்போது விலை ஏறியிருப்பதால் குத்தகை கேட்டு ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள். இதனால் சில விடயங்களைத் தெளிவாகச் சொல்லி வைக்கிறோம். காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூல சம்மதமின்றிக் குத்தகைக்கு விட முடியாது. விட்டால், நிபந்தனையை மீறினீர்கள் என்று அனுமதிப்பத்திரத்தையே இரத்துச் செய்யலாம். அப்போது குத்தகைக்காரர் இன்னொரு வாசலால் போய் அதே காணியைத் தம் பெயரில் கேட்பார். உறுதிக் காணியாயின், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டப்படி செல்லாது. முத்திரை ஒட்டிய வெறும் தாளில் வைத்த கையொப்பம் உங்களைக் காப்பாற்றாது. உங்களுக்கு எதிராக வேண்டுமானால் காட்டப்படும். கணவர் காணாமற்போன, அல்லது சுனாமியில் இறந்த குடும்பங்களில் காணி இன்னமும் அவர் பெயரிலேயே இருந்தால், முதலில் பின்னுரிமையை ஒழுங்கு செய்யுங்கள். அது முடியுமட்டும் எவருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

பொத்துவில் பக்கத்தில் கணவரைச் சுனாமியில் இழந்த ஒரு தாய், 40 பேர்ச்சஸ் மேட்டுநிலத்தை முப்பது ஆண்டுக் குத்தகைக்குக் கேட்ட ஒருவரின் தாளோடு எம்மிடம் வந்தார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எமது குழுவிலுள்ள சட்டத்தரணி அதைத் தமிழில் வாசித்துக் காட்டியபோதுதான், கிணறும் தென்னைகளும் குத்தகைக்குள் அடங்கும், காணியை மூன்றாமவருக்கு மாற்றிக் கொடுக்கவும் அவருக்கு உரிமையுண்டு என்பது தெரிந்தது. பிள்ளைகளோடு கூடிப் பேசி, பள்ளிவாசல் நிருவாகத்தார் இருவரையும் சாட்சியாக வைத்து, தாயார் தமது பதிலை எழுதுவித்தார்: ஐந்து ஆண்டுக்கு மேல் இல்லை, கிணறு தமக்கே, மோட்டார் பூட்டக் கூடாது, கடல் பக்கத்து மணல்மேட்டில் மண்வெட்டி படக் கூடாது, மரக்கறியும் முட்டையும் ஊர்ப் பெண்களிடமே வாங்க வேண்டும், தாள் தமிழிலும் இருக்க வேண்டும். வந்தவர் யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போயிருக்கிறார். தாயார் அதற்காகக் காத்திருக்கவில்லை. மழை விழுந்ததும் அந்த நாற்பது பேர்ச்சஸில் கச்சானும் சோளமும் போட்டுவிட்டார்.